வைத்திருக்கும் வாரம்

இயந்திரம் படிக்கலாம், சொல்லக் கூடாது. எங்கள் தொழிலின் சட்டம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு எழுதிய உரை.

சட்டம் வருவதற்கு முன்னால் கைப்பேசியே எல்லாவற்றையும் சொல்லிவிடுமாம். கொஞ்சம் எச்சில் எடுத்து அனுப்பினால் போதும், உடம்பில் எழுதியிருப்பது அத்தனையும் திரையில் வந்து நிற்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, தனக்கு என்ன நோய் வரப்போகிறது என்று ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். அப்படித் தெரிந்துகொண்டவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அதன் பிறகுதான், மனிதர்தான் சொல்ல வேண்டும், அதுவும் அதற்கென்று தகுதி பெற்றவர்தான் சொல்ல வேண்டும் என்று ஆக்கினார்கள். அரசாணையில் அவர்களுக்கு மரபணுச் செவிலியர் என்று பெயர். எங்கள் பக்கத்தில் சேதி நர்ஸ் என்றால்தான் தெரியும்.

அப்போது நான் சேதி நர்ஸ் இல்லை, வெறும் நர்ஸ். பெயர் மகிழினி. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை. சேதி சொல்ல ஈரோட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை மட்டும் ஒரு சிஸ்டர் வருவார். அவர் சொல்லிச் சொல்லித் தீராது. முடிவுகள் தயாராகி உள்ளே கிடக்கும், அதற்கு உரியவர்கள் வராந்தாவில் கிடப்பார்கள். மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் மகளுடைய முடிவுக்காக நடையாய் நடந்தார்.

"நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லு சாமி. மிச்சத்த அந்தம்மா வந்து சொல்லட்டும்" என்பார்.

"எனக்கே தெரியாதுங்கண்ணா."

"சரி, வாயில சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு."

எனக்கு நிஜமாகவே தெரியாது. ஆனால் தெரிந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும், அதனால் நம்ப மாட்டார். என் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, எதையோ கண்டுபிடித்துவிட்டவர் போலப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். என்ன கண்டுபிடித்தாரோ. ஒருநாள் எரிச்சல் தாங்காமல் நானே அந்தத் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் பரீட்சை.

விண்ணப்பித்த பிறகுதான் பயந்தேன். ஏனென்றால் சட்டத்தில் இன்னொரு வரி இருக்கிறது. தன் சேதியைக் கேட்காதவர் பிறருக்குச் சேதி சொல்லக் கூடாது.

என் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளர் நழுவியது. பிறகு நடை போனது, பேச்சு போனது, கடைசியில் என் பெயரும் போனது. பரம்பரையாக வரும் நோய் அது. பிள்ளைகளுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து இன்னும் இல்லை. எனக்கு ஏழாவது படிக்கிற மகள் இருக்கிறாள், இலக்கியா. எனக்கு வந்திருந்தால் அவளுக்கும் அதே பாதிக்குப் பாதி. இத்தனை வருடம் பார்க்காமலே இருந்தது தைரியமா கோழைத்தனமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சண்டைதான் வரும்.

பயிற்சி கோயம்புத்தூரில். ஒரு வருடப் பாடமெல்லாம் வீட்டிலிருந்தே படித்து முடித்திருந்தேன். கடைசி ஒரு வாரம் மட்டும் விடுதியில் தங்க வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து ஒரே அறையில் போடுவார்கள். வந்த மறுநாள், இவளுடைய முடிவை அவளுக்குக் காட்டுவார்கள், அவளுடையதை இவளுக்கு. கடைசி நாளில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். நடுவில் உள்ள நாட்களுக்கு வைத்திருக்கும் வாரம் என்று பெயர்.

"எதுக்குங்க மேடம் ஒரு வாரம் முன்னாடியே காட்டறீங்க? கடைசி நாள் குடுத்தா சொல்லிட்டுப் போறோம்" என்று நான் கேட்டேன்.

தேர்வு நடத்தும் சுகன்யா மேடம் ஓய்வு பெறப்போகிற வயது. யார் கேள்வி கேட்டாலும் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"வார்டுல எப்படிம்மா நடக்குது? முதல் முடிவு வந்துரும். அத இன்னொரு தடவ சரிபார்த்து வர ஒரு வாரம் ஆகும். அது வர்ற வரைக்கும் நீ வாயத் திறக்கக் கூடாது. ஆனா தினமும் அந்த ஆளுக்கு ஊசி போடுவ, பிரஷர் பார்ப்ப, சாப்டீங்களான்னு கேப்ப. அவரு உன் மூஞ்சியவே பார்த்துட்டு இருப்பாரு. வெச்சிருக்கத் தெரியாதவளுக்குச் சொல்லவும் தெரியாது."

"அந்த ஒரு வாரத்துல அவங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அவசரம்னா டாக்டருங்களே அன்னைக்கே கூப்ட்டுச் சொல்லிருவாங்க. உன் கைக்கு வர்றது ஒரு வாரம் தாங்கற சேதி மட்டுந்தான்."

"மார்க்கு நீங்க போடுவீங்களா?"

"நான் எதுக்கு? சேதி கேட்டவங்க போடுவாங்க. பாஸா பெயிலான்னு அவங்க சொல்றதுதான்."

என்னோடு சேர்த்த பெண் அஃப்ரின். ஈரோடு கருங்கல்பாளையம், ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எங்கள் அறை மூன்றாவது மாடியில். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, மேலே நின்று, "என்னக்கா, அங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்று கத்துவாள். அவளை எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

மறுநாள் அவளுடைய முடிவைத் திரையில் படித்தேன். இதயத் தசையில் பிறவியிலேயே ஒரு பிழை. இப்போது ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருநாள் திடீரென்று துடிப்பு தாறுமாறாகப் போய், ஆள் நின்ற இடத்தில் விழலாம். மாத்திரை இருக்கிறது, தோலுக்கடியில் வைக்கும் சின்னக் கருவி இருக்கிறது. மூச்சு முட்ட ஓடக் கூடாது. தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். கீழே டாக்டரின் குறிப்பு: உறுதியாகும் வரை ஒரு வாரம் காத்திருப்பதில் ஆபத்தில்லை.

ஆபத்தில்லை என்று எழுதுவது சுலபம். அவர் மூன்றாவது மாடியில் குடியிருக்கவில்லை.

வெளியே வந்தேன். என் முடிவைப் படித்துவிட்டு அஃப்ரின் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒன்றுமில்லை. விளம்பரம் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

"டீ குடிக்கலாமாக்கா?" என்றாள்.

முகத்தை வைத்திருக்க எங்களுக்கு நிறையச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குரலைத் தாழ்த்தக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, கண்ணைத் தவிர்க்கக் கூடாது, தேவையில்லாமல் சிரிக்கவும் கூடாது. இதிலெல்லாம் நான் ஒரு தவறும் செய்யவில்லை என்று அடித்துச் சொல்வேன். ஆனால் படி வந்தது.

"லிஃப்ட்ல போலாம் கண்ணு. என்ற முட்டி ரொம்ப வலிக்குது" என்றேன்.

அன்றிலிருந்து ஏறும்போதும் இறங்கும்போதும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளும் மறுபேச்சு பேசாமல் லிஃப்டில் வந்தாள்.

புதன்கிழமை மெஸ்ஸில் மீன். வறுத்த மீன் ஆளுக்கு ஒரு துண்டு. அவளுக்கு விழுந்தது நடுத்துண்டு, எனக்கு வால். நான் வாலைப் பிய்க்க ஆரம்பிப்பதற்குள் அஃப்ரின் தன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு என் வாலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு இது?"

"எனக்கு வால்தாங்க்கா பிடிக்கும். மொறுமொறுன்னு இருக்கும்."

கருங்கல்பாளையத்தில் காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவள் நடுத்துண்டை விட்டு வாலைத் தின்பாளா? என் கையில் சோறு அப்படியே நின்றுவிட்டது.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் பட்டது. காலையில் வெந்நீரை முதலில் எனக்கு விட்டாள். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த கட்டிலை எனக்குக் கொடுத்தாள். இலக்கியாவோடு நான் போனில் பேச ஆரம்பித்தால் அறையை விட்டு வெளியே போய் நின்றாள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு இனி நல்ல காலம் அதிகமில்லை என்று தெரிந்தால், அவர் எதிரே யாரும் அழ மாட்டார்கள். என்ன சாப்பிட ஆசை என்று கேட்பார்கள். நல்லதாகப் பார்த்து இலையில் வைப்பார்கள். முகத்தை வைத்திருக்கச் சொல்லிக்கொடுத்தவர்கள் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மெஸ்ஸில் என் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. சாதாரணமாக விழுந்ததுதான், கையில் எண்ணெய். ஆனால் அது உருண்டு போன சத்தத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். அஃப்ரின் குனிந்து எடுத்து வைத்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரி, வந்துவிட்டது என்று அப்போது முடிவு செய்துகொண்டேன்.

அழுகை வரவில்லை. மனதுக்குள் கணக்குத்தான் ஓடியது. அம்மாவுக்கு வந்த வயதுக்கு எனக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அதற்குள் இலக்கியா பள்ளி முடித்துவிடுவாள். அவளுக்குப் பதினெட்டு ஆனதும் சொல்லலாம், அதுவரை வீட்டிலேயே நான் வைத்திருக்க வேண்டும். அன்று போனில் அவள் கணக்கு டீச்சரைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரலைக் கேட்கக் கேட்க எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. பாவம், அந்த டீச்சரை நாலு வார்த்தை திட்டிவிட்டேன்.

மறுநாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது தாங்க முடியவில்லை.

"கண்ணு, நீ வாயில ஒண்ணும் சொல்ல வேண்டாம். தலைய மட்டும் ஆட்டு" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. மஞ்சள் மண்டிக்காரர் என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்.

அஃப்ரின் கொடியில் கிடந்த என் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "இது இன்னும் காயலீங்க்கா. கெடக்கட்டும்" என்றாள்.

அந்த ஒரு வாரத்தில், அவளுக்கு இருக்கும் நோயைவிட எனக்கு இருப்பதாக நான் நினைத்த நோயைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசி நாள். இரண்டு முடிவுகளும் உறுதியாகி வந்திருந்தன. சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு சொம்புத் தண்ணீர். மூலையில் சுகன்யா மேடம். முதலில் நான்.

"அஃப்ரின், உன் முடிவு வந்திருக்கு. இப்ப சொல்லலாமா?"

"சொல்லுங்க்கா."

"உன் இதயத்துல ஒரு கோளாறு இருக்கு. பொறந்ததுல இருந்தே இருக்கு. இப்போதைக்கு உனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா கவனிக்காம விட்டா ஒருநாள் திடீர்னு துடிப்பு தப்பிப் போகலாம். கவனிச்சா அப்படி ஆகாமப் பார்த்துக்கலாம். மாத்திரை இருக்குது, கருவி இருக்குது."

நிறுத்தினேன். நிறுத்த வேண்டிய இடம் அது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க்கா."

"எப்படி?"

"முட்டி வலின்னு லிஃப்ட்ல கூட்டிட்டுப் போனீங்க. அன்னைக்கு சாயங்காலம் மிக்சர் வாங்க எதிர்க்கடைக்கு ஓடுனீங்க, வர்ற ஆட்டோவுக்கு முன்னாடி. முட்டி வலிக்கறவங்க அப்படியா ஓடுவாங்க? தியேட்டர்ல எத்தன ஹார்ட்டு கேஸ் பார்த்திருக்கேன். படியேறக் கூடாதுன்னா அது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

மூலையில் மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

அஃப்ரின் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, "புள்ளைங்களுக்கு?" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது.

"பார்க்கணும். பாதிக்குப் பாதி. இருந்துச்சுன்னா இந்த வயசுலயே தெரிஞ்சுக்கறது நல்லது, அவங்க விழறதுக்கு முன்னாடி நாம பிடிச்சுக்கலாம். உங்க அம்மா, தம்பி, அவங்களுக்கும் பார்க்கணும். அத்தா இல்லைன்னு சொன்னயில்ல?"

தலையாட்டினாள். அழுதாள். நான் கையைப் பிடிக்கவில்லை, பேசவுமில்லை. சொம்பிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தேன். குடித்தாள். முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க முறைங்க்கா. மாறி உக்காருங்க" என்றாள்.

மாறி உட்கார்ந்தேன். அந்த நாற்காலி இன்னும் சூடாக இருந்தது.

"நீ கஷ்டப்பட வேண்டாம் கண்ணு. எனக்கும் தெரிஞ்சுபோச்சு. நடுத்துண்ட எடுத்து வெச்சயே, அப்பவே" என்றேன்.

அஃப்ரின் என்னை விழித்துப் பார்த்தாள்.

"என்னங்க்கா தெரிஞ்சுபோச்சு? உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. உங்கம்மாவோட நோய் உங்ககிட்ட வரல. ரெண்டு தடவ பார்த்தாச்சு. இலக்கியாவுக்கும் உங்க வழியா வராது."

எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்தது, சேர்ந்து அர்த்தமாகவில்லை. என் வாயிலிருந்து வந்தது ஒரே கேள்விதான்.

"அப்பறம் எதுக்கு மீன்?"

"எனக்கு ஏதோ இருக்குதுன்னு புதன்கிழமையே புரிஞ்சிருச்சு. நீங்க பாவம், அத வெச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தீங்க. எனக்குத் தெரியும், விடுங்கன்னு சொல்லலாம்னா, சொன்னா நீங்க பெயிலு. நம்ம சேதிய ஒருத்தங்க சொமக்கறாங்க, நாம என்ன செய்ய முடியும்? நல்ல துண்டாச்சும் சாப்பிடட்டும்னு வெச்சேன்."

"டம்ளர் விழுந்தப்ப அப்படித் திரும்பிக்கிட்டயே?"

"ஒண்ணுமில்லீங்க்கா, எண்ணெய்க் கைதான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்திருச்சு. சொல்ல முடியல."

எனக்குச் சந்தோஷம் வந்தது. எதிரே அவளை வைத்துக்கொண்டு, அவளுடைய ஈரமான கண்ணைப் பார்த்துக்கொண்டே, உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவளும் அதைப் பார்த்துவிட்டாள். "சிரிங்க்கா, பரவால்ல" என்றாள். நான் ஓவென்று அழுதேன்.

மேடம் எல்லாம் அடங்கும் வரை இருந்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மகிழினி, அஃப்ரின் எப்படி?"

"நல்ல சேதிய வெச்சுக்கிட்டு என்னைய ஒரு வாரம் உயிரோட கொன்னுட்டா மேடம். ஆனா அது நானா நெனச்சுக்கிட்டது. அவ ஒண்ணையும் விடல. பாஸு."

"அஃப்ரின், உன் முறை. யோசிச்சுச் சொல்லு. இவங்க வெச்சிருந்த லட்சணம் எனக்கே தெரியுது."

நான் தரையைப் பார்த்தேன். பெயில்தான். நியாயமாகவும் அதுதான். திரும்பப் போய் வராந்தாவில் மண்டிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமாங்க மேடம், இவங்களுக்கு வெச்சிருக்கத் தெரியல" என்றாள் அஃப்ரின். "எங்கம்மாவுக்குப் பார்க்கணும்னு சொன்னாங்கள்ல, அந்த முடிவு வந்ததும் யாரு போயிச் சொல்லுவாங்க?"

"நீ சொல்ல முடியாது. சொந்தக்காரங்களுக்குச் சொல்லக் கூடாது, அவங்க முடிவ நீ பார்க்கவும் கூடாது. வேற சேதி நர்ஸ அனுப்புவோம்."

"இவங்கள அனுப்புங்க மேடம்."

"லைசென்ஸ் இருந்தாத்தானம்மா அனுப்ப முடியும்."

"அதத்தாங்க மேடம் சொல்றேன்."

சேதி நர்ஸாக எனக்கு வந்த முதல் வீடு அஃப்ரினுடையதுதான். அதற்குள் அவளுக்குக் கருவி வைத்து, வேலைக்கும் திரும்பியிருந்தாள். பிள்ளைகள் இரண்டுக்கும் தம்பிக்கும் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. அம்மாவுக்கு இருந்தது. அன்று காலைதான் அது உறுதியாகி என் கைக்கு வந்தது. அஃப்ரினுக்கு அது தெரியாது.

படி ஏறிப் போனதும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பர்வீன் அம்மா விடவில்லை.

"சேதி எங்கயும் ஓடிராது. மொதத் தடவ வீட்டுக்கு வந்திருக்கீங்க, வெறும் வயித்தோட உக்காந்து பேசறதா? கைய கழுவுங்க" என்றார். அஃப்ரினின் அம்மா அல்லவா, அவருக்கும் கண் என் முகத்தின் மேலேயே இருந்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தோம். பர்வீன் அம்மா எனக்கு நடுத்துண்டை வைத்தார், மகளுக்கு ஒன்று வைத்தார், தனக்கு வாலை எடுத்துக்கொண்டார். என் கை தானாக அசைந்தது. அந்த நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டு வாலை வாங்கிக்கொள்ளத்தான் அசைந்தது. நிமிர்ந்து பார்த்தால், எதிரே அஃப்ரின் சாப்பிடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுத்துண்டை என் பக்கமாக இன்னும் நன்றாக இழுத்துக்கொண்டேன். "என்ன கண்ணு அப்படிப் பார்க்கற? உன் துண்டு என்னுதவிடப் பெருசா இருக்குது. பாதி இங்க தள்ளு" என்றேன்.

"ஐயோ, பங்குக்கு வந்துட்டாங்க" என்று அவள் தட்டைக் கையால் மறைத்தாள். பர்வீன் அம்மா சிரித்துவிட்டு, சட்டியிலிருந்து எனக்கு இன்னொரு துண்டு எடுத்துப் போட்டார். அதையும் தின்றேன். அஃப்ரின் என் முகத்தில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல், தன் மீனைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மா, இப்படி வந்து என் பக்கத்துல உக்காருங்க" என்றேன்.